விற்றுப்போன முன் இருக்கை

அத்தியாயம் பதினான்கு

ஒன்பது இருக்கை உள்ள வண்டியில் ஓட்டுகிறவர் போக எட்டுப் பேர் உட்காரலாம். அந்த எட்டில் முன்பக்கத்து ஒன்று, ஒரு வருஷமாக எர்சிலியாவுடையது.

அவளுக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. கணவன் ஒரெஸ்தே பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் இவளும் ஏறிக்கொள்வாள். வழியெல்லாம் வாய் ஓயாது. அதோ மாவு மில், அதைத் தாண்டினால் இடது பக்கம் திரும்பும். இதோ அக்ரூட் மரம், இனிமேல் பெரிய வளைவு என்று சொல்லிக்கொண்டே வருவாள். பயணிகளுக்கு அது பிடித்துப் போயிற்று. ஒவ்வொரு வளைவையும் கதையாகச் சொல்கிற அம்மா என்று நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். மகள் லவீனியா அந்த வரியை அப்படியே புதிய பிரசுரத்தில் அச்சடித்தும் விட்டாள்.

அந்தப் பிரசுரம்தான் போன வாரம் வீட்டை இரண்டாக்கியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒர்வியேத்தோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும்படியாக ஐந்து பயணங்கள் போட்டிருந்தாள் லவீனியா. ஒரெஸ்தே ஒப்புக்கொண்டது இரண்டுக்குத்தான். ஏரிக்கரை போல்சேனா ஒன்று, பாறைமேல் இருக்கும் பித்தில்யானோ ஒன்று. மற்ற ஊருக்கெல்லாம் சக்கரம் உருளாது என்று ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர் அவர். எழுபத்தொரு வயதில் முரண்டு பிடிக்காத மனிதன் யார் என்று லவீனியாவும் விட்டுவிட்டாள்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கார்ப்பஸ் தோமினி திருநாள். போல்சேனா தெருக்களில் அடிக்கு அடி பூக்கோலம் போட்டிருப்பார்கள், வண்டி நுழைய முடியாது. ஒர்வியேத்தோவிலோ கதீட்ரல் ஊர்வலம். முப்பத்தாறு வருஷமாக இந்த ஊரிலேயே இருக்கும் லவீனியா, இந்த நாளை மறந்து போல்சேனாவுக்கு ஏழு பேரிடம் சரி சொல்லி வைத்திருந்தாள். சனிக்கிழமை சாப்பிடும்போதுதான் உறைத்தது.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பட்டியல்ல இருக்கிற தோதிக்குப் போயிட்டு வந்துடுங்க. ப்ரோதோ வழியா, பழைய ரோட்டுல" என்றாள், அடுத்த தட்டு எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டே.

தட்டு விழவில்லை. ஒரெஸ்தே மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். எர்சிலியா பிறந்த ஊர் ப்ரோதோ. அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"சரி" என்றார் அவர்.

தன் பேச்சுக்கு மரியாதை வந்துவிட்டதென்று லவீனியா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலை ஏழரைக்கு இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெரு அடைக்கும் காவலர் கண்ணாடியைத் தட்டி, ஒன்பதரைக்கு இல்லை, எட்டரைக்கே வழியை மூடுகிறோம் என்றார். அவர் நகர்வதற்குள் தொலைபேசி. தொரீனோவிலிருந்து வந்திருந்த சின்யோரா மொந்தால்தோ, தனியாக வருவதாகச் சொல்லியிருந்தவள், இப்போது கணவரும் வர விரும்புகிறார் என்றாள்.

"ஒரே ஒரு இடம் கிடைக்குமா? நேத்து வரைக்கும் முட்டிவலின்னு படுத்திருந்தார். இன்னிக்கு என்னைத் தனியா விட பயமா இருக்காம் அவருக்கு."

லவீனியா முன்பதிவுப் பலகையைப் பார்த்தாள். ஏழு பேர், அம்மா ஒன்று. அம்மாவுக்கு என்ன, தினம் பார்க்கிற மலைதானே.

"கிடைக்கும். எட்டேகாலுக்கு வந்துடுங்க" என்றாள்.

எர்சிலியா வீட்டில் இல்லை. முதல் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே ஊர்வலக்காரர்கள் உடை மாற்றும் கூடத்துக்குப் போய்த் தன் மகன் கொர்ராதோவுக்கு நாடா கட்டிவிடுவது அவள் வருஷா வருஷம் செய்கிற காரியம். ஒன்பதுக்குத்தான் திரும்புவாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், நாலு வார்த்தை முணுமுணுப்பாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள் லவீனியா.

எட்டேகாலுக்கு வண்டி வாசலில் நின்றது. தென்மார்க்குக்காரர்கள் நாலு பேரும் பாரி நகரத்து அக்கா தங்கை இருவரும் பின்னால் ஏறியாயிற்று. ஒரெஸ்தே இஸ்திரி போட்ட சட்டையில், தலை சீவி, கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா எங்கே?"

"வரலையாம்ப்பா. கொர்ராதோவோட ஊர்வலத்தைப் பாக்கணுமாம்."

வாய்க்கு வந்த பொய். நேரம் மிச்சமாகட்டும் என்று சொன்னது, வேறு கெட்ட எண்ணம் இல்லை.

"எர்சிலியாவே சொன்னாளா?"

"ஆமாம்ப்பா."

"அவ வாயால?"

"அதான் சொல்றேன்ல. எட்டரைக்கு வழியை மூடிடுவாங்க, கிளம்புங்க."

ஒரெஸ்தே நகரவில்லை. வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, அப்படியே தடவிக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்தார். வண்டிமேல் இந்த வயதிலும் இவ்வளவு ஆசையா என்று லவீனியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அவ சொன்னான்னா யோசிச்சுத்தான் சொல்லியிருப்பா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு தொரீனோக்காரரின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க முன்னாடி வாங்க. கண்ணு நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

"கழுகுக் கண்ணு" என்றார் மொந்தால்தோ, மார்பைத் தட்டி.

"நல்லது" என்றார் ஒரெஸ்தே. அவர் சிரிக்கவில்லை.

தெருமுனையில் திரும்பும்போது வண்டியின் வலது பக்கம் ரொட்டிக்கடை வாசலில் இருந்த ஜெரேனியம் தொட்டியை இடித்துக்கொண்டு போயிற்று. தொட்டி உருண்டு உடைந்தது. வண்டி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை, இடித்ததே தெரியாதது போலப் போய்விட்டது. கோபத்தில் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள் லவீனியா. ரொட்டிக்கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு, மண்ணைக் கூட்டித் தள்ளினாள். பிறகு உள்ளே போனாள்.

ஒன்பதுக்கு எர்சிலியா வந்தாள். ஒரு கையில் கொர்ராதோ கழற்றிப் போட்ட உடுப்பெல்லாம் திணித்த பை. இன்னொரு கையில் பொட்டலம்: பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டிய நத்தை ரொட்டிகள், வண்டியில் எல்லாருக்குமாக. காலில் மலையேறுகிற செருப்பு.

"உன் தம்பியப் பாக்கணுமே. ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை. முள்ளங்கியும் முட்டைக்கோசும் நடந்து போற மாதிரி இருக்கான். கடிகாரம், கைபேசி எல்லாத்தையும் வாசல்லயே கழட்டி வைக்கச் சொல்லிட்டாங்க அந்தக் கமிட்டிக்காரங்க, மூக்குக்கண்ணாடியைக்கூட விடலை" என்று சிரித்துக்கொண்டே பையை மேஜையில் வைத்தாள். "வண்டி எங்கடி? பின் வாசல்ல நிக்குதா?"

"போயிடுச்சும்மா. எட்டரைக்கே அடைச்சுட்டாங்க. உன் இடத்தைத் தொரீனோக்காரருக்குக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதே."

எர்சிலியா கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டலம் கையிலிருந்து நழுவி மேஜைமேல் விழுந்தது. நாற்காலியில் கிடந்த வரைபடத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

"யார் கூடப் போயிருக்கார்?"

"பயணிகளோட."

"என்னை எங்கேன்னு கேக்கலையா?"

"கேட்டார். நீ வரலைன்னு சொன்னதாச் சொன்னேன்."

எர்சிலியா மகளையே பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் லவீனியாவுக்கு எவ்வளவோ தேவலை.

"நான் சொன்னேன்னு சொன்னியா? பாவி. நான் சொன்னேன்னா அவர் கிணத்துலகூட இறங்குவாரேடி."

"என்னம்மா ஆச்சு?"

"இடது கண்ணு போயி ஒன்றரை வருஷமாச்சு. வலது கண்ணுல நடுவுல கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். சாவி ஓட்டை வழியா பாக்கற மாதிரின்னு அவரே சொல்லுவார். நேரா எதிர்ல நின்னா தெரியும். ஓரம் ரெண்டு பக்கமும் கிடையாது."

லவீனியா உட்காரவில்லை. ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. எல்லாம் பொய்ச் செய்தி என்று அப்பா செய்தித்தாளை நிறுத்தியது. கூட்டாளிகள் திருடுகிறார்கள் என்று சீட்டாட்டத்தை விட்டது. திராட்சை மது ஊற்றும்போது கிண்ணத்தின் விளிம்பில் விரலை வைத்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் அவளே கிழட்டு முரண்டு என்று பெயர் வைத்திருந்தாள். அந்த இரண்டு ஊரைத் தவிர வேறெங்கும் மாட்டேன் என்றது எதனால் என்பதும் இப்போது புரிந்தது. அந்த இரண்டு சாலையும் அவருக்கு மனப்பாடம்.

"ஏழு ஏழு பேரா ஒரு வருஷமா ஏத்திட்டுப் போயிருக்கீங்க ரெண்டு பேரும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. குழந்தைங்க இருந்திருக்காங்கம்மா அந்த வண்டியில."

"தெரியும்."

"தெரியும்னா?"

"ஒவ்வொரு தடவையும் இறங்கினப்புறம் எல்லாரையும் எண்ணிப் பாத்துக்குவேன், தெரியும்" என்றாள் எர்சிலியா. "லைசென்ஸ் அக்டோபர்ல முடியுது. அதோட நிறுத்திடறேன்னு மாதா படத்துமேல கை வச்சுச் சொன்னார். அது வரைக்கும் நான் பக்கத்துல இருந்து ஒவ்வொரு வளைவாச் சொல்லுவேன்னு ஏற்பாடு. நான் இல்லாம பால் வாங்கக்கூட அவர் வண்டிய எடுத்தது கிடையாது. நேத்து தோதிக்குச் சரின்னாரே, உன் பேச்சுக்கா சொன்னார்? அது நான் நடந்து வளர்ந்த ரோடு. நான் சொல்லிடுவேன்னு சரின்னார்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்று பேச்சுக்குச் சொல்வோம். லவீனியா அதைத் தன் அப்பாவுக்கே செய்திருந்தாள். அதோடு எட்டுப் பேரையும் கூட அனுப்பியிருந்தாள்.

அவரைக் கூப்பிட வழியில்லை. வண்டி ஓடும்போது கைபேசி அணைந்திருக்க வேண்டும் என்பது லவீனியாவே போட்ட சட்டம். போய்ச் சேர்ந்ததும் ஒரெஸ்தே அதைத் திறந்து ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். எடுக்கக் கூடாது. ஒரு மணி என்றால் சுகமாக வந்து சேர்ந்தாயிற்று என்று பொருள். இந்த வீட்டில் மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் வழக்கம்.

லவீனியா பயணிகள் பட்டியலை இழுத்தாள். விரல் மூன்று முறை தப்பான எண்ணில் பட்டது. கடைசியில் சின்யோரா மொந்தால்தோ எடுத்தாள்.

"ஆ, நீங்களா? ரொம்ப அழகா இருக்கு. கீழே அந்தப் பழைய மடத்துல அரை மணி நேரம் நின்னோம். இப்ப மலை ஏறிட்டிருக்கோம். உங்கப்பா நடந்து போற வேகத்துலதான் ஓட்டறார். பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சே செத்தான்."

"சின்யோரா, அப்பாகிட்ட ஒரு நிமிஷம்…"

"தமாஷைக் கேளுங்க. என் வீட்டுக்காரரை வளைவு வளைவாச் சொல்லச் சொல்றார், ஏதோ விளையாட்டாம். இவருக்கு இடது எது வலது எதுன்னு கல்யாணமான நாள்லேருந்து தெரியாது. ரெண்டு தடவை தப்பாச் சொல்லி…" சின்யோராவின் குரல் தாழ்ந்தது. "உண்மையச் சொல்லணும்னா கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. பள்ளம் பக்கத்துலயே தெரியுது."

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. நான் சொன்னேன்னு சொல்லுங்க. எங்கம்மா சொன்னாங்கன்னு…"

மறுமுனையில் சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிட்டாங்க" என்றாள் எர்சிலியா. "ப்ரோதோ வர்ற வரைக்கும் அங்கே எதுவும் எடுக்காது."

லவீனியா அவசர எண்ணுக்கு அடித்தாள். கண் தெரியாத ஓட்டுநர் என்று தன் அப்பாவைப் பற்றித் தன் வாயால் சொன்னாள். எர்சிலியா தடுக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோதிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி அனுப்புகிறோம், முக்கால் மணி ஆகும் என்றது பதில். இந்தப் பக்கத்துப் போலீஸ் வண்டிகள் எல்லாம் ஊர்வலக் காவலில் இருந்தன.

முக்கால் மணிக்கு எத்தனை வளைவு என்று அவள் அம்மாவைக் கேட்கவில்லை.

"கொர்ராதோ" என்றாள். "அவன் பைக் ஊரோட கீழ் வாசலுக்கு வெளியேதான நிக்குது? அவன் இருபது நிமிஷத்துல பிடிச்சுடுவான்."

தம்பியின் பையைக் கவிழ்த்தாள். சட்டை, ஜீன்ஸ், சாக்ஸ், எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடேயே ஓடினாள்.

கதீட்ரல் சதுக்கத்தில் கொடிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நானூறு பேர் வெல்வெட்டிலும் இரும்பிலும் வேர்த்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், நேரே பார்த்தபடி. கிளம்ப இன்னும் அரை மணி. கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனவளைக் கமிட்டிக் கிழவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொம்பளைங்க உள்ளே வரக் கூடாது. அதுவும் இந்தச் செருப்போட."

"வழிய விடுங்க பெரியவரே, அப்புறமா என்னை வந்து திட்டுங்க."

மூன்றாவது வரிசையில் கொர்ராதோ. முப்பது வயதில் அந்தத் தொப்பி அவனுக்குப் பொருந்தவே இல்லை.

"அக்கா, என்ன? சமையலறை எரியுதா?" என்றான் உதட்டை அசைக்காமல்.

சாவியைக் கையில் திணித்துக் காதில் சொன்னாள். ஐந்தாறு வாக்கியம்தான். அவன் முகத்திலிருந்த கேலி இறங்கிப்போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மலை ஏறிட்டாங்க. பிடிச்சு, முன்னால போயி மெதுவா நிறுத்து. திடீர்னு குறுக்கே போயிடாதே, அவருக்குத் தெரியாது."

கொர்ராதோ கொடிக்கம்பைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். ஒன்றைச் சுமந்தவன் இரண்டைச் சுமந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிவப்புக் காலும் வெள்ளைக் காலும் ஓடுவதைக் கண்டு யாரோ கைதட்டினார்கள், இதுவும் ஊர்வலத்தில் ஒரு பகுதி என்று நினைத்து.

"வரிசையில ஒரு பல்லு விழுந்துடுச்சே. நல்லதுக்கில்லை" என்றாள் கயிற்றோரம் நின்ற ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம். லவீனியாவுக்குக் கேட்கத்தான் செய்தது.

திரும்பி வரும்போது மணி ஒன்பது நாற்பது. எர்சிலியா கொர்ராதோவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது அவளுக்கு.

"என் மேல தப்பு" என்றாள் லவீனியா.

"உன் மேலயும்தான்" என்றாள் எர்சிலியா.

இருவரும் மேஜையில் கிடந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெருவில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம். பால்கனிகளில் பட்டுத்துணி தொங்கவிட்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி உடைந்த தொட்டிச் செடியை ஒரு வாளியில் ஊன்றி வாசலிலேயே வைத்திருந்தாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி அடித்தது.

ஒரே ஒரு மணி. நின்றுவிட்டது.

திரையில் அப்பா என்று இருந்தது. எர்சிலியா அதை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். லவீனியா மேஜைக்காலைப் பிடித்துத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை அழுவது போல.

"ப்ரோதோவுக்குப் போயிட்டார்" என்றாள் எர்சிலியா. "எங்க ஊர் ஓட்டல் வாசல்ல நிறுத்தியிருப்பார். எழுந்திருடி. மூஞ்சியக் கழுவு. கொர்ராதோ போய்ச் சேர்ந்ததும் அவனே வண்டிய ஓட்டிட்டு வரட்டும். அந்த மனுஷனை நான் இன்னிக்கு வீட்டுக்குள்ளயே விடப்போறதில்லை." சொல்லிக்கொண்டே ஒரு நத்தை ரொட்டியைப் பிட்டு மகளின் வாயில் திணித்தாள். தானும் ஒரு துண்டு போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை.

லவீனியா மென்றுகொண்டே அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாள். அணைந்திருந்தது.

மணி அடித்ததும் அணைத்துவிடுவாரா? வண்டி ஓடும்போதுதானே அணைக்க வேண்டும்?

அதை அவள் முழுதாக யோசித்து முடிப்பதற்குள் சின்யோரா மொந்தால்தோ கூப்பிட்டாள்.

"சின்யோரா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நாங்க எட்டுப் பேரும் நல்லா இருக்கோம். ஒரு சின்ன ஓட்டல்ல உக்கார வச்சிருக்கார் உங்கப்பா. எங்க எல்லார்கிட்டயும் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். எதுக்குன்னே புரியலை. முன்னாடி சரியான ஆள் இல்லாம உங்களை வச்சுட்டு இதுக்கு மேல ஓட்டமாட்டேன்னார்."

"அவர்கிட்ட குடுங்க. ஓட்டல் தொலைபேசியில வரச் சொல்லுங்க."

"அவர் இங்கே இல்லையே."

லவீனியா தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மேஜைமேல் வைத்தாள்.

"வண்டிய எடுத்துட்டுத் தனியாக் கிளம்பிட்டாரும்மா. ஓட்டல்காரர்கூட வாசல் வரைக்கும் போயித் தடுத்துப் பாத்தார், கேக்கலை. ஒரு மணி நேரம் இருங்க, என் எர்சிலியாவைக் கூட்டிட்டு வந்துடறேன், அவ இருந்தா தோதி என்ன, ரோம் வரைக்கும் போகலாம்னு சொன்னார்."

"எந்தப் பக்கம் போனார்?"

"வந்த வழியேதான். உங்க பக்கம்."

எர்சிலியாவின் வாயிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

போகும்போது பாறைச் சுவர் வலது பக்கம். வரும்போது பள்ளம் வலது பக்கம். அது ஒன்று. அதைவிட, அதே சாலையில், அவரைப் பிடித்தே ஆகவேண்டும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறான். முன்னால் போகிற வண்டியைத் தேடிக்கொண்டு போகிறானே தவிர, எதிரே வருகிற வண்டியை அவன் எதிர்பார்க்கவில்லை. அனுப்பியவள் இங்கே நிற்கிறாள்.

லவீனியா தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

எர்சிலியாவின் மடியில் இருந்த பைக்குள், மடித்து வைத்த ஜீன்ஸுக்குள், கைபேசி அடித்தது.

இருவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே சதுக்கத்தில் முரசுகள் தொடங்கிவிட்டன, ஊர்வலம் புறப்பட்டாயிற்று.

எர்சிலியா பையைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல ஒரு கையை நீட்டி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடைப் பாலம் தாண்டியாச்சு" என்றாள், தினமும் சொல்கிற அதே குரலில். "இப்ப சிலுவை வச்ச வளைவு வருது. ரெண்டு வண்டி போக இடம் கிடையாது. மெதுவா வாங்க. ஹாரன் அடிங்க, ஒரெஸ்தே. ஹாரன் அடிங்க."